சைக்கிள் ஓட்டினால் ஏன் வலிக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா பக்கம் போனால், ஒரே பாதையில் ஐந்தாறு வகை சைக்கிள்களைப் பார்த்துவிடலாம். ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்து, முன்கூடையில் பையை வைத்துக்கொண்டு நிதானமாகப் போவார். அவரைத் தாண்டி, முதுகை வில்லாக வளைத்த ஒரு குழு சீறிக்கொண்டு போகும். சின்னச் சக்கரம் கொண்ட மடக்கு சைக்கிளில் ஒரு மாணவர், தடித்த டயர் போட்ட மவுண்டன் பைக்கில் இன்னொருவர். எப்போதாவது, சாய்வு நாற்காலியில் படுத்ததுபோல் கால்களை முன்னால் நீட்டிப் பெடல் மிதிப்பவரும் கண்ணில் படுவார்.

இவர்களில் வீட்டுக்குப் போனபின் யாருக்கு வலிக்கும்? எங்கே வலிக்கும்?

உங்களுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே இது நடந்திருக்கலாம். உடற்பயிற்சி தேவை என்று மருத்துவர் சொல்கிறார். உடனே ஆசையாக, பந்தய வீரர்கள் ஓட்டுவதுபோன்ற விலை உயர்ந்த ரோடு பைக் ஒன்றை வாங்குகிறார். முதல் வாரம் பின்புறம் வலிக்கிறது. இரண்டாவது வாரம் கை விரல்கள் மரத்துப்போகின்றன. மூன்றாவது வாரம் கழுத்து திரும்பவில்லை. நான்காவது வாரம் சைக்கிள் வீட்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நிற்கிறது. கேட்டால், “வயதாகிவிட்டது, உடம்பு ஒத்துழைக்கவில்லை” என்பார்.

பெரும்பாலும் குறை உடம்பில் இருப்பதில்லை. உடம்பின் எடை எங்கே இறங்குகிறது என்பதில்தான் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள உயர்நிலைப் பள்ளி இயற்பியலே போதும்.

மூன்று இடங்கள், ஒரே எடை

சைக்கிளில் ஏறிய பிறகு உங்கள் உடம்பு அதை மூன்றே இடங்களில் தொடுகிறது: இருக்கை, கைப்பிடி, பெடல். உங்கள் எடை 70 கிலோ என்றால், அந்த 70 கிலோவையும் இந்த மூன்றும்தான் பங்கிட்டுச் சுமக்க வேண்டும். ஓர் இடத்தில் குறைத்தால் மற்றோர் இடத்தில் கூடும். எடையே இல்லாமல் செய்யும் சைக்கிள் இதுவரை வரவில்லை. சைக்கிள் வகைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, இந்தப் பங்கீட்டில் உள்ள வேறுபாடுதான்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். எடை பார்க்கும் கருவியை ஒரு மேசைமீது வையுங்கள். எதிரே நின்று இரு உள்ளங்கைகளையும் அதன்மேல் வையுங்கள். இப்போது இடுப்பிலிருந்து மெல்ல முன்னால் சாயுங்கள். சாயச் சாய எண் ஏறும். அதே நிலையில் வயிற்றுத் தசைகளையும் முதுகுத் தசைகளையும் இறுக்கி, மேலுடம்பை நீங்களே தாங்கிப் பாருங்கள். எண் இறங்கும். முன்னால் குனிந்து ஓட்டும் சைக்கிளில் கைகளுக்கு நேர்வது இதுதான். தசை களைத்துப்போனதும் அது தாங்கிய எடை முழுவதும் மணிக்கட்டில் வந்து இறங்குகிறது.

மெதுவாகப் போனால் ஏன் அதிகம் வலிக்கிறது?

பந்தய வீரர் அதே குனிந்த நிலையில் பல மணி நேரம் ஓட்டுகிறாரே, அவருக்கு மட்டும் எப்படி முடிகிறது? பயிற்சி ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருடைய கால்கள்.

நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கால் பெடலைக் கீழே தள்ளும்போது, பெடல் உடம்பை மேலே தள்ளுகிறது. அந்த அளவுக்கு இருக்கையிலும் கைகளிலும் சுமை குறைகிறது. ஒரு கணக்குப் போடலாம். நன்றாகப் பழகிய ஒருவர் 250 வாட் திறனோடு, நிமிடத்துக்கு 90 சுற்று மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெடல் தண்டின் நீளம் 17 சென்டிமீட்டர். அவர் கால் நொடிக்குச் சுமார் 1.6 மீட்டர் வேகத்தில் சுழலும். திறனை வேகத்தால் வகுத்தால், பெடல்களை அவர் தள்ளும் சராசரி விசை ஏறத்தாழ 156 நியூட்டன். அதாவது 16 கிலோ எடைக்குச் சமம்.

பூங்காவில் நிதானமாகப் போகிறவர் 75 வாட் திறனோடு, நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பார். அவருக்கு வரும் விசை ஏறத்தாழ 70 நியூட்டன். 7 கிலோ எடைக்குச் சமம். வீரருக்குக் கால்கள் செய்யும் உதவியில் பாதிகூட இவருக்குக் கிடைப்பதில்லை. மீதிச் சுமையை இவருடைய பின்புறமும் கைகளும் தாங்குகின்றன. வேகமாக ஓட்டுபவருக்காக வடிவமைத்த சைக்கிள் மெதுவாக ஓட்டுபவரை ஏன் வாட்டுகிறது என்பது இப்போது விளங்கும்.

அப்படியென்றால் குனிவதால் என்ன பயன்? காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டரிலிருந்து 30 கிலோமீட்டருக்குப் போனால் எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. முப்பதில் போகிறவருக்குக் குனிவது பெரிய லாபம். பதினைந்தில் போகிறவருக்கு வலி முழுதாக வரும். லாபம் கொஞ்சம்தான் கிடைக்கும்.

மெத்தென்ற இருக்கை வாங்கும் முன்

பின்புறம் வலித்தால் நாம் முதலில் செய்வது, பஞ்சு வைத்த பெரிய இருக்கையையோ ஜெல் உறையையோ வாங்குவது. பத்து நிமிடம் சுகமாக இருக்கும். ஒரு மணி நேரம் கழித்துப் பழைய இருக்கையே மேல் என்று தோன்றும்.

இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முண்டுகள் உண்டு. அவற்றை உட்கார் எலும்புகள் என்று சொல்லலாம். கடினமான நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளங்கைகளை அடியில் வைத்து அசைந்தால் நீங்களே அவற்றை உணரலாம். எடையைத் தாங்க இயற்கை அமைத்த இடம் அதுதான். அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியில் மென்மையான திசுக்களும், ரத்தக் குழாய்களும், புடெண்டல் நரம்பும் ஓடுகின்றன. அந்த இடம் எடையைத் தாங்குவதற்கு ஏற்றதன்று.

மிக மெத்தென்ற இருக்கையில் எலும்பு முண்டுகள் அமிழ்ந்துபோகின்றன. நடுவில் உள்ள பஞ்சு மேலே புடைத்து, நரம்பு இருக்கும் இடத்தையே அழுத்துகிறது. எனவே இருக்கையில் முதலில் பார்க்க வேண்டியது அகலம். மென்மை அதற்குப் பிறகுதான். நெளிவுள்ள அட்டைப்பெட்டித் துண்டு ஒன்றைக் கடினமான பலகைமீது வைத்து, அதன்மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் இரண்டு பள்ளங்கள் தெரியும். அவற்றின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்துகொள்ளுங்கள். இருக்கையின் பின்பகுதி அதைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். பொதுவாகப் பெண்களுக்கு இந்தத் தூரம் ஆண்களைவிட அதிகம். கடையில் கொடுத்த இருக்கை கணவருக்குப் பொருந்தி மனைவிக்குப் பொருந்தாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

மரத்துப்போவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரக் கழகம், சைக்கிளில் சுற்றுக்காவல் செல்லும் காவல் துறையினரிடம் இதை ஆராய்ந்திருக்கிறது. முன்மூக்கு இல்லாத இருக்கையை அவர்கள் 6 மாதம் பயன்படுத்தினார்கள். 2008ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, அடிப்பகுதி மரத்துப்போவது பெரிதும் குறைந்தது. வேலைக்காக நாள்தோறும் ஓட்டுபவருக்கு ‘பழகிவிடும்’ என்று சொல்வது தீர்வன்று. அழுத்தம் விழும் இடத்தை மாற்றுவதே தீர்வு.

விரல்கள் சொல்லும் செய்தி

கைகளில் எந்த விரல் மரக்கிறது என்று கவனியுங்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்தால், உள்ளங்கையின் வெளியோரமாக ஓடும் அல்நார் நரம்பு கைப்பிடியில் அழுந்துகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்றால், மணிக்கட்டின் நடுவில் போகும் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது. மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பிடிப்பவர்களுக்கு இது எளிதில் வரும்.

இது வசதியைப் பற்றிய பேச்சு மட்டுமில்லை. மரத்த விரல் பிரேக்கைச் சரியான விசையோடு அழுத்தாது. கையை உதறிக்கொள்ளும் அந்த இரண்டு நொடியில் பிரேக்மீது கையே இருக்காது. அதேபோல, தாழக் குனிந்திருப்பவர் முன்னால் பார்க்க வேண்டுமானால் கழுத்தைப் பின்னுக்கு மடக்கித் தலையைத் தூக்க வேண்டும். பெரியவர் ஒருவரின் தலை ஏறத்தாழ 5 கிலோ. கழுத்துத் தசை சோர்ந்ததும் தலை தாழ்கிறது. பார்வை முன்சக்கரத்துக்குச் சில மீட்டர் முன்னால் நின்றுவிடுகிறது. சந்தியில் திரும்பும் காரையும், பாதையில் ஓடிவரும் குழந்தையையும் அவர் தாமதமாகத்தான் பார்ப்பார். வலி இப்படித்தான் விபத்தாக மாறுகிறது.

ஒவ்வொரு வகையும் எதை எங்கே மாற்றுகிறது?

நிமிர்ந்து ஓட்டும் சிட்டி பைக்கில் கைகளுக்கும் கழுத்துக்கும் சுமை மிகக் குறைவு. தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பதும் சுலபம். ஆனால் எடை ஏறக்குறைய முழுவதும் இருக்கைக்கு வருகிறது. பள்ளத்தில் விழும் அதிர்ச்சி நேராக முதுகுத்தண்டில் ஏறும். தாத்தா காலத்து ராலே சைக்கிளில் தோல் இருக்கைக்கு அடியில் பெரிய சுருள்வில்கள் இருந்ததை நினைத்துப் பாருங்கள். அது அலங்காரம் இல்லை; நிமிர்ந்து உட்காரும் சைக்கிளுக்கு அது தேவை. பத்து கிலோமீட்டருக்குள் சந்தைக்கும் ரயில் நிலையத்துக்கும் போய்வர இந்த வகை ஏற்றது.

ரோடு பைக் எடையை மூன்று இடங்களுக்கும் பரப்புகிறது. நீண்ட தூரத்தை வேகமாக ஓட்டுபவருக்கு இது நல்ல பங்கீடு. கைப்பிடியைப் பல இடங்களில் மாற்றிப் பிடிக்க முடிவதும் ஒரு நன்மை. மெதுவாக ஓட்டுபவருக்கு என்ன நேரும் என்பதை மேலே பார்த்தோம்.

மவுண்டன் பைக்கின் அகலமான டயரில் காற்றழுத்தம் குறைவு. அந்தக் காற்றே முதல் அதிர்வுதாங்கி. புலாவ் உபினின் கரடுமுரடான பாதையில் இது கையையும் முதுகையும் காப்பாற்றும். சிமெண்டுப் பாதையில் அதே டயர் உங்கள் உழைப்பில் ஒரு பகுதியை வீணாக்கும்.

மடக்கு சைக்கிளை ரயிலில் கொண்டுபோகலாம், வீட்டுக்குள் வைக்கலாம். ஆனால் சக்கரம் சிறிது. 16 அங்குலச் சக்கரத்தின் ஆரம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்; ரோடு பைக்குக்கு 34 சென்டிமீட்டர். 3 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு விளிம்பில் மோதும்போது, பெரிய சக்கரத்தின் மையம் ஏறத்தாழ 24 பாகைச் சரிவில் மேலே ஏறத் தொடங்குகிறது. சிறிய சக்கரத்துக்கு அது 32 பாகை. அதே விளிம்பு சிறிய சக்கரத்துக்குச் செங்குத்தான சுவர்போல் ஆகிவிடுகிறது. மணிக்கட்டில் அடி பலமாக விழும். சக்கரம் திடீரெனத் தடுக்கி நிற்கும் ஆபத்தும் அதிகம்.

சாய்ந்து ஓட்டும் சைக்கிளில் முதுகு முழுவதும் எடையைத் தாங்குகிறது. பரப்பளவு பெரிதானால் அழுத்தம் குறையும் என்ற பாடம்தான். மணிக்கட்டு வலி, கழுத்து வலி உள்ளவர்களுக்கு இது பெரிய விடுதலை. வேகத்திலும் இது சளைத்ததில்லை. 1933ஆம் ஆண்டு பிரெஞ்சு வீரர் பிரான்சிஸ் ஃபோர், சார்ல்ஸ் மோஷே வடிவமைத்த இத்தகைய சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, 1914 முதல் நிலைத்திருந்த சாதனையை முறியடித்தார். அடுத்த ஆண்டே அனைத்துலகச் சைக்கிள் ஒன்றியம் அந்த வகையைப் பந்தயங்களிலிருந்து விலக்கிவைத்தது. நாம் கடைகளில் பார்க்கும் சைக்கிளின் வடிவத்தைப் பந்தய விதிகளும் சேர்ந்து தீர்மானித்திருக்கின்றன என்பது இதில் தெரிகிறது. குறைகளும் உண்டு. மேடு ஏறும்போது எழுந்து நின்று மிதிக்க முடியாது. கால்கள் உயரத்தில் இருப்பதால் சிலருக்குப் பாதம் மரக்கும். தாழ்வாக இருப்பதால் லாரி ஓட்டுநரின் கண்ணில் படாமல் போகலாம். உயரமான கொடியும் பின்பார்க்கும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் சாலையில் ஓட்டக் கூடாது.

நிற்கும்போது என்ன நடக்கிறது?

உட்காரும் விதம் வலியை மட்டும் தீர்மானிப்பதில்லை. பிரேக் பிடிக்கும்போது என்ன நடக்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. 1870களில் புகழ்பெற்றிருந்த சைக்கிளின் முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருந்தது. ஓட்டுபவர் அதன் உச்சியில் உட்கார்ந்தார். ஒரு கல் தட்டினால் போதும், தலைகுப்புற விழுவார். 1885இல் இங்கிலாந்தின் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரண்டு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவாக்கி, ஆளைத் தாழ்வாக நடுவில் உட்கார வைத்தார். அதற்குக் கிடைத்த பெயரே ‘பாதுகாப்பு சைக்கிள்’. மூன்று ஆண்டுகளில் ஜான் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். இன்று நாம் ஓட்டுவது அந்த இரண்டின் வாரிசு.

இன்றைய சைக்கிளிலும் ஆளின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. முன்பிரேக்கை மிக வன்மையாகப் பிடித்தால் பின்சக்கரம் தூக்கும். அந்தப் பயத்தில் பலர் பின்பிரேக்கை மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அது இன்னொரு தவறு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால், பின்சக்கரத்தின் பிடிமானம் குறைந்துவிடுகிறது.

கணக்கு இதோ. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 7 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை அசைய ஒரு நொடி ஆனால், அதற்குள் 7 மீட்டர் போய்விடுவீர்கள். காய்ந்த தரையில் இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்தால் நிற்க இன்னும் ஏறத்தாழ 5 மீட்டர். பின்பிரேக் மட்டும் என்றால் ஏறத்தாழ 10 மீட்டர். நடைபாதைக்குரிய 10 கிலோமீட்டர் வேகத்தில், எல்லாம் சேர்த்தே 4 மீட்டருக்குள் நின்றுவிடலாம். சிங்கப்பூரில் நடைபாதைக்கு மணிக்கு 10, சைக்கிள் பாதைக்கும் பூங்கா இணைப்புப் பாதைக்கும் 25 என்ற வரம்புக்குப் பின்னால் உள்ள நியாயம் இந்த எண்களில் இருக்கிறது. மழை பெய்தால் எல்லாத் தூரமும் நீளும். சாலையில் வரைந்த வெள்ளைக் கோடும், சாக்கடையின் இரும்பு மூடியும் வழுக்கும். அவற்றின்மேல் திரும்பவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம்.

எந்தக் கைக்கு எந்தப் பிரேக் என்பதைப் புதிய சைக்கிளிலோ வாடகை சைக்கிளிலோ ஏறும் முன் சோதித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் படிப்படியாக அழுத்துங்கள். அப்போது உடம்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளிக் கைகளை ஊன்றிக்கொள்ளுங்கள். சாலையில் ஓட்டும்போது தலைக்கவசமும், இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் சட்டப்படி கட்டாயம்.

வலியைக் கேட்டுத் திருத்துங்கள்

புதிய சைக்கிள் வாங்கும் முன், இருப்பதைத் திருத்திப் பாருங்கள். முதலில் இருக்கையின் உயரம். பெடல் மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கும்போது, குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருக்கும். அதுவே சரியான அளவு.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் இருக்கை பெரும்பாலும் தாழ்வாக இருக்கிறது, அல்லது கனமான கியரில் மிதிக்கிறீர்கள். பின்பக்கம் வலித்தால், அல்லது மிதிக்கும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால், இருக்கை உயரமாக இருக்கிறது. இருக்கையின் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் சறுக்கி, கைகள் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கும். அதைக் கிடைமட்டமாக வையுங்கள். கை மரத்தால் கைப்பிடியை உயர்த்துங்கள் அல்லது அருகில் கொண்டுவாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், அதுவும் அரை சென்டிமீட்டர் அளவில் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. அறிவியல் ஆய்வகத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்வதும் இதனால்தான்.

புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் சில நாள் தசைவலியும் பின்புற வலியும் இயல்பு. அவை தாமாகக் குறையும். ஆனால் மரத்துப்போவதும் எரிச்சலும் அப்படியில்லை. இறங்கிய பிறகும் மரப்பு நீடித்தால், பொருளைப் பிடிக்கும் வலு குறைந்தால், அல்லது வலி தூக்கத்தைக் கெடுத்தால், மருத்துவரைப் பாருங்கள்.

கடைக்குப் போகும் நாளில் விலைச்சீட்டைப் பார்க்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வைத்திருங்கள்: எவ்வளவு தூரம் ஓட்டப் போகிறேன், என்ன வேகத்தில், எந்தப் பாதையில்? உங்கள் வேகம் பதினைந்து என்றால் பதினைந்துக்கு ஏற்ற சைக்கிளை வாங்குங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சுவரில் சாய்ந்து நிற்கும் விலை உயர்ந்த சைக்கிளைவிட, வாரம் மூன்று நாள் ஓடும் சாதாரண சைக்கிள்தான் உங்கள் இதயத்துக்கு நல்லது.